ஊரை மறுபடியும் பூட்டினா ஆபிஸை எங்க வைக்கறது? நாலு வழி, எங்க கணக்கு

மலேசியால, பினாங்கு தீவுல, பாயான் லெப்பாஸ்ல இருக்கற ஒரு பெரிய ஃபேக்டரி எங்க கஸ்டமர். வருஷா வருஷம் வெண்டர் ஃபார்ம் ஒன்னு அனுப்புவாங்க, இந்த தடவ வந்த ஃபார்ம்ல புதுசா ஒரு பக்கம் சேர்த்திருக்காங்க, மறுபடியும் ஒரு தொற்றுநோய் வந்து ஊரை பூட்டினா உங்க கம்பெனி எப்படி ஓடும்னு எழுதி கையெழுத்து போட்டு குடுக்கணுமாம். மச்சான் பார்த்துட்டு "ஒர்க் ஃப்ரம் ஹோம்னு எழுதி அனுப்பிரு லா"ன்னுட்டு தே தாரிக் குடிக்க இறங்கி போயிட்டான். எனக்குதான் கை வரல. 2020, 2021 ரெண்டு வருஷத்துல நாங்க நாலு விதமாவும் செஞ்சு பார்த்தவங்க, நாலுலயும் அடி வாங்கினவங்க, இப்ப அதெல்லாம் நடக்காத மாதிரி நாலு வார்த்தைல எழுதி குடுத்தா எப்படி.

எங்க கம்பெனி பாலத்துக்கு இந்த பக்கம், பட்டர்வொர்த்ல, கடைவீட்டு மாடில. கஸ்டம்ஸ் டிக்ளரேஷன், கண்டெய்னர் இறக்கறது ஏத்தறது, அந்த வேலைதான். மொத்தம் 17 பேர். டாக்குமெண்டேஷன்ல 6, அக்கவுண்ட்ஸ்ல 2, கஸ்டமர் சர்வீஸ்ல 2, லோரி டிரைவர் 3, பேப்பர் தூக்கிட்டு அலையற ரன்னர் 2, அப்புறம் நானும் மச்சானும். இந்த சைஸ்ல கம்பெனி நடத்தற தவுக்கேங்களுக்குதான், அதாவது முதலாளிங்களுக்குதான், இதை எழுதறேன். ஆயிரம் பேர் வெச்சிருக்கறவங்களுக்கு எச்ஆர் டிப்பார்ட்மெண்ட் இருக்கு, அவங்க பார்த்துப்பாங்க.

எந்த வழி நல்லதுன்னு பேசும்போது எல்லாரும் ப்ரொடக்டிவிட்டிதான் பேசறாங்க, வீட்டுல இருந்தா வேலை ஆகுமா ஆகாதான்னு. நான் அதை ரெண்டாவதாதான் பார்ப்பேன். ஆபிஸ்னா வாடகை நான் கட்டறேன், கரண்டு நான் கட்டறேன், ஏர்கான் ரிப்பேரானா நான்தான் ஆள் கூப்பிடறேன். ஆளை வீட்டுக்கு அனுப்பிட்டா அந்த செலவு காணாம போயிடாது, அவங்க தலைக்கு மாறுது, அவ்ளோதான். ஆபிஸுக்கு வர சொன்னா செலவு என்னுது, ஆனா நோய் ஆபத்து அவங்களுது. அதனால ஒவ்வொரு வழிக்கும் நான் கேக்கற முதல் கேள்வி, இதுல காசும் ஆபத்தும் யாரு தலைல விழுது, அதுல எவ்ளோ நான் திருப்பி எடுத்துக்க முடியும்ங்கறதுதான்.

முதல்ல எல்லாரையும் ஆபிஸுக்கே வர வைக்கற வழி. போர்ட்டும் சரக்கு போக்குவரத்தும் அத்தியாவசிய சேவைங்கறதால சட்டப்படி எங்களுக்கு இது பல நேரம் முடிஞ்சது. 2020 ஜூன் 10ல கட்டுப்பாட்டை தளர்த்தினதும் நாங்க பண்ணது இதுதான், எல்லாரும் திரும்பி வந்தாச்சு, வாசல்ல டெம்பரேச்சர் கன், மைசெஜாத்ரா ஆப்ல ஸ்கேன், மேசைக்கு மேசை ப்ளாஸ்டிக் தடுப்பு, வாரம் ஒரு தடவ மருந்து புகை அடிக்க ஆள். அந்த புகைக்கு குடுத்த காசை நினைச்சா இன்னிக்கும் வயிறு எரியுது. ஏன்னா நோய் முக்கியமா காத்துல பரவுதுன்னு பின்னாடிதான் எல்லாருக்கும் உறைச்சது, எங்க மாடில ஜன்னலை பத்து வருஷமா திறந்ததே இல்ல, ரெண்டு ஏர்கான் அதே காத்தை சுத்தி சுத்தி அடிச்சிட்டு இருந்துச்சு, ப்ளாஸ்டிக் தடுப்பு அதுக்கு என்ன பண்ணும். டிசம்பர்ல ஒரு கெரானிக்கு (கிளார்க்குக்கு) பாசிட்டிவ். உடனே மாடில இருந்த எல்லாரும் குளோஸ் காண்டாக்ட், ஒரே நாள்ல ஆபிஸ் காலி. கண்டெய்னர் மட்டும் போர்ட்ல நின்னுச்சு, நிக்கற ஒவ்வொரு நாளுக்கும் டெமரேஜ்னு தாமதக் கட்டணம் ஓடும், கஸ்டமர் அதுக்கு பில் எனக்குதான் அனுப்புவான்.

ஆக இந்த வழில செலவு கம்மி மாதிரி தெரியும், ஆனா ஒரே ஒரு இருமல்ல மொத்தமும் படுத்துரும். அதை விட மோசம், வயசான அம்மா அப்பாவோட இருக்கறவங்க தினமும் பயந்துட்டேதான் வந்தாங்க, வேலை போயிடும்னு வாய திறக்கல. அப்ப நான் அதை கேக்கவும் இல்ல. கேட்டிருக்கணும்.

அடுத்தது எல்லாரும் வீட்டுல. இதைதான் நாங்க முதல்லயே செஞ்சோம், செஞ்சோம்னு சொல்றதை விட தள்ளிவிட்டுட்டாங்கன்னு சொல்லணும். 2020 மார்ச் 16 ராத்திரி பிரதமர் டிவில பேசினாரு, 18ஆம் தேதிலேருந்து நடமாட்டக் கட்டுப்பாடு, அதான் எம்சிஓ. நடுவுல ஒரே ஒரு நாள். 17ஆம் தேதி ஆபிஸ்ல நடந்தது கல்யாண வீட்டுல பந்தி எடுத்த மாதிரிதான் இருந்துச்சு, ஆளாளுக்கு ஃபைலை தூக்கிட்டு போனாங்க, எந்த ஃபைல் யாரு வீட்டுலன்னு ஏப்ரல் வரைக்கும் தெரியல. டிக்ளரேஷன் அனுப்பற சாஃப்ட்வேர் ரெண்டே கம்ப்யூட்டர்லதான் இருந்துச்சு, அதுல ஒன்னை டாக்குமெண்டேஷன் அக்கா மானிட்டரோட ஸ்கூட்டர்ல வெச்சு கட்டி வீட்டுக்கு கொண்டு போனாங்க, மழை வேற.

இங்க நான் கொஞ்சம் நின்னு பேசணும், ஏன்னா இந்த வழியை பத்திதான் ஊர்ல நிறைய கனவு இருக்கு. ‘வீட்டுலேருந்து வேலை’ன்னு சொல்லும்போது தவுக்கே மனசுல வர்ற வீடு அவரோட வீடு. எனக்கும் அப்படிதான். தனி ரூம், மேசை, ஃபைபர் லைன். என் ஆளுங்க வீடு எப்படி இருக்கும்னு எனக்கு தெரியாது, எட்டு வருஷமா வேலை செய்யற பிள்ளை வீட்டுக்கு தீபாவளிக்கு போய் முறுக்கு சாப்பிட்டிருக்கேன், ஆனா அந்த வீட்டுல மேசை இருக்கான்னு பார்த்ததில்ல. ஏப்ரல்ல ஒரு நாள் வீடியோ கால்ல பார்த்தா ரைஃபிள் ரேஞ்ச் ஃப்ளாட்ல இருக்கற பிள்ளை அயர்ன் பலகை மேல லேப்டாப் வெச்சு நின்னுட்டே டைப் பண்ணுது. அந்த ஃப்ளாட் எவ்ளோ சின்னதுன்னு பினாங்குல இருக்கறவங்களுக்கு சொல்ல வேணாம், அதுல 5 பேர், தம்பிக்கு ஆன்லைன் கிளாஸ், அப்பாவுக்கு டிவி. இன்னொரு பையன் நிபோங் தெபால் பக்கம் தோட்டத்து வீடு, வீட்டுக்குள்ள லைனே கிடையாது, கோயில் முன்னாடி மோட்டார்ல உக்காந்து ஃபோன் லைன்லதான் வேலை செஞ்சான். அந்த ஏப்ரல் 1லேருந்து காலைல 8 மணிலேருந்து சாயந்தரம் 6 வரைக்கும் தினமும் 1 ஜிபி இலவச டேட்டான்னு குடுத்தாங்க, நல்ல விஷயம்தான், ஆனா இன்வாய்ஸ் ஸ்கேன் பண்ணி அனுப்பி ஆபிஸ் கம்ப்யூட்டரை தூரத்துலேருந்து ஓட்டறவனுக்கு அது மத்தியானத்துக்கே பத்தாது.

அப்புறம் பிள்ளைங்க இருக்கற அம்மாங்க. பள்ளிக்கூடம் மூடியிருக்கு, காலைல சமையல், பிள்ளை கூகிள் கிளாஸ்ரூம்ல என்ன அனுப்பணும்னு அதுக்கும் தெரியாது அம்மாவுக்கும் தெரியாது, அதுக்கு நடுவுல நான் 9 மணிக்கு ஜூம்ல வாங்கன்னு கூப்பிடறேன். அந்த நேரத்துலதான் பெண்கள் அமைச்சு ஒரு போஸ்டர் போட்டுச்சு ஞாபகம் இருக்கா, வீட்டுல வேலை செய்யும்போதும் மேக்கப் போட்டு ஒழுங்கா உடுத்துங்க, புருஷன்கிட்ட டோரேமோன் குரல்ல பேசுங்கன்னு. பின்னாடி மன்னிப்பு கேட்டாங்க. எங்க வாட்சப் குரூப்ல அக்கவுண்ட்ஸ் அக்கா அதை போட்டு "பாஸ், நாளைலேருந்து மீட்டிங்ல டோரேமோன் குரல்தான்"ன்னாங்க, எல்லாரும் சிரிச்சோம், ஆனா அவங்க ராத்திரி 11 மணிக்கு மேலதான் கணக்கு பார்க்க உக்காருவாங்கங்கறது எனக்கு ரெண்டு மாசம் கழிச்சுதான் தெரிஞ்சது.

இன்னொன்னும் சொல்லணும், இதை யாரும் பேச மாட்டாங்க. எங்க ஆள் ஒருத்தர் எனக்கு தனியா வாய்ஸ் மெசேஜ் போட்டாங்க, அண்ணே நான் ஆபிஸ்லயே வந்து வேலை செய்யலாமான்னு. காரணம் சொல்லல, நானும் கேக்கல, குரல்லயே புரிஞ்சது. ஆபிஸ் சாவி ஒன்னு குடுத்தேன், பயண லெட்டர் அடிச்சு குடுத்தேன். வீட்டுல கொடுமைக்கு ஆளாகறவங்க கூப்பிடற அரசாங்க உதவி லைன் தலியான் காசி, அந்த 15999 நம்பர எல்லாருக்கும் போற பொது மெசேஜ்ல சேர்த்து விட்டேன், ஒருத்தருக்கு மட்டும் அனுப்பினா மாட்டிக்குவாங்க. எல்லாரும் வீட்டுலதான்னு ஒரே ரூல் போட்டா இப்படிப்பட்டவங்களுக்கு கதவை சாத்தின மாதிரி ஆயிரும். அதனாலதான் ஃபார்ம்ல ‘100 பெர்செண்ட் ஒர்க் ஃப்ரம் ஹோம்’னு எழுத எனக்கு மனசு வரல.

வேலைன்னு பார்த்தாலும் எங்க லைன்ல முழுசா வீட்டுல முடியாது. சரக்கு யாருக்குன்னு காட்டற ஒரிஜினல் பில் ஆஃப் லேடிங் பேப்பர்ல வந்தா அதை யாராச்சும் கைல எடுத்துட்டு ஷிப்பிங் ஏஜெண்டுகிட்ட போய் சரக்கை எடுக்க டெலிவரி ஆர்டர் வாங்கணும். அதை ரன்னர்தான் செய்யணும். ஆனா இங்கதான் நாங்க ஒரு நல்லது கத்துக்கிட்டோம், ஆளை எங்க உக்கார வைக்கறதுன்னு யோசிக்கறதுக்கு முன்னாடி வேலையையே மாத்த முடியுமான்னு பார்க்கணும். பழகின கஸ்டமருங்ககிட்ட பேசி, அந்த பக்கம் சப்ளையரை ஒரிஜினலை அங்கயே சரண்டர் பண்ண வெச்சு டெலக்ஸ் ரிலீஸ்க்கு மாத்தினோம், பேப்பர் வர வேண்டியதே இல்ல, ஈமெயில்ல முடிஞ்சிரும். பாதிக்கு மேல மாறிடுச்சு. ரன்னர் வெளிய போறதும் அந்த அளவுக்கு குறைஞ்சது. இதுக்கு லேப்டாப்பும் வேணாம் சாஃப்ட்வேரும் வேணாம், பத்து ஃபோன் கால்தான், கோவிட் வரலன்னா நாங்க பண்ணியே இருக்க மாட்டோம்.

மூனாவது வழி ரெண்டு டீம். 2021 ஜனவரி 13ல பினாங்குக்கும் மறுபடி எம்சிஓ வந்தப்ப, டிசம்பர்ல வாங்கின அடில நாங்க ஏ டீம் பி டீம்னு பிரிச்சோம், ஒரு வாரம் இவங்க ஆபிஸ், மறு வாரம் அவங்க. ரெண்டு டீமும் முகத்துக்கு முகம் பார்க்கவே கூடாது. தத்துவம் சிம்பிள், ஒரு டீம்ல ஒருத்தருக்கு வந்தாலும் மறு டீம் நிக்கும். நிஜமாவே நின்னுச்சு, பிப்ரவரில ஏ டீம்ல ஒருத்தருக்கு வந்துச்சு, பி டீம் அடுத்த நாளே சாவியை எடுத்துட்டு உள்ள வந்துட்டாங்க, கண்டெய்னர் ஒன்னும் நிக்கல. கம்பெனி பிழைக்கணும்னு மட்டும் பார்த்தா நாலுல இதுதான் பெஸ்ட்டு.

ஆனா மனுஷங்களுக்கு இது கஷ்டம். எல்லா வேலையும் ரெண்டு டீம்லயும் ஒருத்தருக்கு தெரிஞ்சிருக்கணும், எங்ககிட்ட டேஞ்சரஸ் கூட்ஸ் பேப்பர் பார்க்க தெரிஞ்சது ஒரே ஆள், அவரு எந்த டீம்ல இருந்தாலும் மறு வாரம் ஃபோன்லயே வாழ்ந்தாரு, ஆக அவருக்கு மட்டும் லீவே இல்லாத மாதிரி ஆச்சு. அதுவும் இல்லாம, டீம் பிரிச்ச நான் யாரு யாரு ஒரே கார்ல வர்றாங்கன்னு பார்க்காம விட்டுட்டேன், ஒரு அக்கா ஏ டீம், அவங்களோட கார்ல வர்ற பிள்ளை பி டீம். பினாங்கு பாலத்துல காருக்கு டோல் இருக்கு, மோட்டாருக்கு 2019லேருந்து இல்ல, கார் பங்கு போயிட்டதால அந்த பிள்ளை தீவுலேருந்து தனியா மோட்டார்லதான் பாலம் தாண்டி வர ஆரம்பிச்சுது, மழை காத்துல. பெண் பிள்ளை, பாலத்து மேல காத்து எப்படி அடிக்கும்னு தெரியும்ல. வைரஸ்லேருந்து காப்பாத்தறேன்னு சொல்லி இன்னொரு ஆபத்துல தள்ளிட்டேன். அவங்க அம்மா ஃபோன் பண்ணி சொன்னப்பறம்தான் டீமை மாத்தினேன்.

நாலாவது, வேலைய பார்த்து பிரிக்கறது. 2021 ஜூன் 1ல முழு ஊரடங்கு வந்தப்ப இதுக்கு வந்தோம். அக்கவுண்ட்ஸ், கஸ்டமர் சர்வீஸ், டாக்குமெண்டேஷன்ல நாலு பேர் வீட்டுல. ஆபிஸ்ல ரெண்டு டாக்குமெண்டேஷன் ஆள் மட்டும், ஜன்னல் திறந்து ஃபேன் போட்டு, ஏர்கான் கிடையாது, வேர்த்து ஊத்தும். டிரைவரும் ரன்னரும் மாடிக்கு ஏறவே கூடாது, பேப்பரை கீழ பெட்டில போட்டு எடுத்துக்கணும். அந்த ஆகஸ்ட்டு 26ஆம் தேதி நாட்டுல ஒரே நாள்ல 24,599 கேஸ், அந்த மாசம் முழுக்க எங்களுக்கு ஆபிஸ் ஒரு நாள் கூட மூடல.

இப்படி சொன்னா இதுதான் விடைன்னு தோனும். ஆனா இதுலதான் எனக்கு பெரிய திட்டும் விழுந்துச்சு. வீட்டுல இருக்கறவங்களுக்கு மாசம் 100 வெள்ளி (ரிங்கிட்) இண்டர்நெட் கரண்டு அலவன்ஸ் குடுத்தேன், நாற்காலி அனுப்பினேன், பெரிய மனுஷன் மாதிரி குரூப்ல அறிவிச்சேன். மறுநாள் சீனியர் டிரைவர் அண்ணன் கீழ நின்னு கூப்பிட்டாரு. "தம்பி, ஏர்கான்ல உக்கார்றவனுக்கு 100 வெள்ளி, நாளைக்கு நாலு ஃபேக்டரி கேட்டுக்குள்ள போறவனுக்கு மாஸ்க் மட்டுமா?" எனக்கு பதில் இல்ல. சம்பளத்துலயும் கம்மி அவங்க, ஆபத்துலயும் முன்னாடி அவங்க, அலவன்ஸ்ல மட்டும் கணக்குலயே இல்ல. அன்னிக்கே வெளிய போற அஞ்சு பேருக்கும் நாளுக்கு 15 வெள்ளி போட்டோம், டெஸ்ட் செலவு கம்பெனிது, தனிமைப்படுத்தினா முழு சம்பளம், எம்சில (மருத்துவ லீவ்ல) கழிக்கறது இல்லன்னு எழுதி குடுத்தோம். மச்சான் கணக்கு போட்டு பார்த்து பல்லை கடிச்சான். வீட்டுல இருக்கறவங்களுக்கு குடுக்கறதை விட இது அதிகம். இருக்கட்டும், அதுதான் சரி. பொறுப்பான முதலாளி ஒர்க் ஃப்ரம் ஹோமுக்கு எப்படி மாறணும்னு பேசற கூட்டத்துல எல்லாம் வீட்டுக்கு போக முடியாதவங்களை பத்தி கடைசி அஞ்சு நிமிஷம்தான் பேசறாங்க.

சின்ன சின்ன முடிவுங்களும் இருக்கு, வழி எதுன்னாலும் இதெல்லாம் தனியா எடுக்கணும்.

லேப்டாப். அவங்கவங்க சொந்தத்தை யூஸ் பண்ண விட்டு காசு குடுக்கறதா, கம்பெனி வாங்கறதா. முதல்ல சொந்தம்னு விட்டோம், மலிவு. ஒரு வீட்டுல அதே லேப்டாப்ல பிள்ளை கேம் டவுன்லோடு பண்ணி எதையோ ஏத்திருச்சு, கஸ்டமரோட இன்வாய்ஸ் எல்லாம் அதுலதான் இருந்துச்சு. 2010 தனிநபர் தரவு பாதுகாப்புச் சட்டம்னு ஒன்னு இருக்கு, ஆளுங்க ஐசி (அடையாள அட்டை) நம்பர், டிரைவர் விவரம்னு எங்ககிட்டயும் நிறைய கிடக்கு, அது வெளிய போனா பிள்ளை மேல பழி போட முடியுமா. 2020 ஜூலை 1லேருந்து கம்பெனி ஆளுக்கு லேப்டாப், ஃபோன் குடுத்தா 5,000 வெள்ளி வரைக்கும் அவங்களுக்கு வரி விலக்குன்னு வந்துச்சு, நாங்க செகண்ட் ஹேண்ட் லேப்டாப் எட்டு வாங்கினோம். இதுல எனக்கு சந்தேகமே இல்ல, கம்பெனிதான் வாங்கணும். நாற்காலி, மானிட்டர் எதுவும் புதுசா வாங்கல, ஆபிஸ்ல சும்மாதானே கிடந்துச்சு, நம்ம லோரில ஏத்தி வீடு வீடா இறக்கினோம், ஆபிஸ்ல என் நாற்காலி கூட போயிருச்சு.

கண்காணிப்பு. இதை சொல்ல வெக்கமா இருக்கு. முதல் எம்சிஓல யாரோ சொன்னாங்கன்னு பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவ ஸ்க்ரீனை படம் எடுக்கற சாஃப்ட்வேர் போட்டேன். மூனு வாரம். அதுல நான் கண்டுபிடிச்சது ஒன்னுதான், நாள் முழுக்க மத்தவங்க ஸ்க்ரீனை பார்த்துட்டு நான்தான் வேலை செய்யல. எங்க வேலைல எத்தனை ஜாப் ஃபைல் திறந்துச்சு, எத்தனை கிளியர் ஆச்சு, எது நிக்குதுன்னு சாயந்தரம் ஒரு ஷீட் பார்த்தா போதும், அதை அப்புறம்தான் ஆரம்பிச்சோம். காலைல 9 மணி ஜூமையும் தூக்கிட்டு, பிள்ளை இருக்கறவங்க ராத்திரி செஞ்சாலும் சரி, கப்பல் கட்டாஃப் டைமுக்கு முன்னாடி டிக்ளரேஷன் போயிருக்கணும், அது ஒன்னுதான் ரூல்னு வெச்சோம். ஆனா ராத்திரி செய்யலாம்னு விட்டா ராத்திரியும் வேலைன்னு ஆயிரும், அதனால 8 மணிக்கு மேல குரூப்ல யாரும், முக்கியமா நானும் மச்சானும், மெசேஜ் போடக்கூடாதுன்னு இன்னொரு ரூல். அதை அதிகமா மீறினது மச்சான். ஒவ்வொரு தடவைக்கும் 10 வெள்ளி அபராதம், அந்த காசுலதான் 2022 தீபாவளிக்கு எல்லாருக்கும் பிரியாணி.

சம்பளம். 2020 ஏப்ரல்ல சரக்கு பாதியா குறைஞ்சப்ப மச்சான் எல்லாருக்கும் 20 பெர்செண்ட் குறைக்கலாம்னான், இல்லன்னா நோ பே லீவ். அக்கவுண்ட்ஸ் அக்காதான் சம்பள உதவித்தொகை திட்டத்தை படிச்சு சொன்னாங்க, 75 பேருக்கு கீழ உள்ள கம்பெனிக்கு, 4,000 வெள்ளிக்குள்ள சம்பளம் வாங்கற ஒவ்வொரு ஆளுக்கும் மாசம் 1,200 வெள்ளி, மூனு மாசம், ஆனா அந்த மூனும் அடுத்த மூனும் ஆளை நிறுத்தக்கூடாது. சம்பளத்தை குறைக்கறதா இதை எடுக்கறதான்னு நாங்க ரெண்டு நாள் சண்டை போட்டோம், மச்சானுக்கு பயம், ஆறு மாசம் கழிச்சும் சரக்கு வரலன்னா நிறுத்தவும் முடியாது மாட்டிக்குவோம்னு. எடுத்தோம். நானும் அவனும் எங்க பங்கை நாலு மாசம் எடுக்கல. ஆகஸ்டுல ரப்பர் கையுறை சரக்கே அவ்ளோ வந்துச்சு, ஆளை நிறுத்தியிருந்தா யாரை வெச்சு அனுப்பியிருப்போம்.

லெட்டர். வீட்டுலேருந்து வேலை செய்ய சொல்றதை வாட்சப்ல சொல்லி விடாதீங்க. எந்த தேதிலேருந்து, எந்த முகவரி, வேலை நேரம் எது, சாமான் என்ன குடுத்தோம்னு ஒரு பக்க லெட்டர் கையெழுத்தோட. வேலை நேரத்துல வீட்டுல விழுந்து அடிபட்டா அது வேலைல நடந்ததுன்னு தொழிலாளர் காப்புறுதி பார்க்கற சொக்சோகிட்ட காட்ட அது இல்லாம ரொம்ப கஷ்டம். இப்ப வேலைச் சட்டத்துலயே 2023 ஜனவரி 1லேருந்து ஆளுங்க நேரத்தையோ நாளையோ இடத்தையோ மாத்தி கேட்டு எழுத்துல குடுக்கலாம், முதலாளி 60 நாளுக்குள்ள எழுத்துல பதில் சொல்லணும், முடியாதுன்னா காரணத்தோட. எங்களுக்கு இது வரைக்கும் மூனு லெட்டர் வந்திருக்கு, ரெண்டுக்கு சரி, ஒன்னுக்கு பாதி.

இவ்ளோ நாலாவது வழியை பேசிட்டு அதையே எழுதுவேன்னு நினைச்சா, முழுசா இல்ல. கேஎல்ல (கோலாலம்பூர்ல) இதே தொழில் பண்ற என் தோஸ்து 2020 அக்டோபர்ல பட்ட பாடு ஞாபகம் வந்துச்சு. 22ஆம் தேதிலேருந்து கேஎல், சிலாங்கூர், புத்ராஜெயால மேனேஜ்மெண்ட் சூபர்வைசர் ஆளுங்க எல்லாம் வீட்டுலதான், ஆபிஸுக்கு வரணும்னா 10 பெர்செண்ட், அதுவும் காலைல 10லேருந்து 2 வரைக்கும், வாரத்துல 3 நாள்னு வந்துச்சு. அவன் அழகா போட்டு வெச்சிருந்த அட்டவணை ஒரே அறிவிப்புல குப்பைக்கு போச்சு. ஒரே வழிய எழுதி வெச்சா இதுதான் நடக்கும். அதனால ஃபார்ம்ல நான் எழுதினது, அடிப்படை வேலைய பார்த்து பிரிக்கறது, ஆபிஸ்ல இருக்க வேண்டிய ரெண்டு இடத்துக்கு மட்டும் ஏ பி வாரம் மாத்தி, ஒவ்வொரு வேலைக்கும் தெரிஞ்ச ஆள் குறைஞ்சது ரெண்டு, வீட்டுல முடியாதவங்களுக்கு காரணம் கேக்காம ஆபிஸ்ல ஒரு மேசை. எல்லாரும் ஆபிஸ்ங்கறதை எழுதவே இல்ல. எல்லாரும் வீட்டுலங்கறது அரசாங்கம் கதவை சாத்தினா மட்டும், அதுவும் ரெண்டு வாரத்துக்கு மேல தாங்காதுன்னு நேராவே எழுதிட்டேன், கஸ்டமர் முகம் சுளிச்சாலும் பரவால்ல. செலவுக்கு ரெண்டு மாச அலவன்ஸ் தொகைய தனி அக்கவுண்ட்ல போட்டு வெச்சிருக்கோம், மச்சான் கையெழுத்து இல்லாம எடுக்க முடியாது, என் கையெழுத்து இல்லாமலும் முடியாது.

ஃபார்மோட சேர்த்து ஒரு லிஸ்ட்டும் வைக்கணும்னு எனக்கே தோனுச்சு, யாரு வீட்டுல லைன் இருக்கு, மேசை இருக்கு, பிள்ளை எத்தனை, பெரியவங்க இருக்காங்களா, யாரு கார்ல யாரு வர்றாங்கன்னு. கஸ்டமருக்கு அனுப்ப இல்ல, நாங்க பார்க்க. விருப்பம் இருந்தா மட்டும் எழுதுங்கன்னு போன வெள்ளிக்கிழமை குரூப்ல போட்டேன். 2021ல எடுத்து வெச்ச பழைய லிஸ்ட்டோட பார்த்தா பாதி பேர் வீடு மாறியிருக்காங்க, ரைஃபிள் ரேஞ்ச் பிள்ளைக்கு கல்யாணம் ஆகி பத்து காவான்ல இருக்கு, நிபோங் தெபால் பையன் வீட்டுக்கு ஃபைபர் வந்துருச்சாம். டிரைவர் அண்ணன் மட்டும் எல்லா கட்டத்துலயும் கோடு போட்டுட்டு கீழ ஒரு வரி எழுதியிருந்தாரு, 15 வெள்ளி இப்ப பத்தாது தம்பின்னு.